கரும்புக்கொல்லைப் போர்

“விஜயனை மொட்டை அடிச்சிட்டானுங்க.”

பிரேம்குமார் போனைத் தூக்கிக் காட்டியதும் கே.ஜி.கண்டிகை டீக்கடை வாசலில் நின்ற கூட்டம் மொத்தமும் அவன் மேல் சாய்ந்தது.

தூரத்திலிருந்து எடுத்த படம். விஜயனின் கரும்புக்கொல்லை. போன வாரம் வானத்திலிருந்து அதில் வந்து இறங்கிய வெள்ளைக் கப்பல். அதைச் சுற்றி இடுப்பளவு உயரத்தில், உடம்பெல்லாம் கறுப்பு முடியோடு நாலைந்து உருவங்கள். நடுவில் விஜயன் உட்கார்ந்திருந்தான்.

காலையில் மோட்டார் போடப் போனவன். அவன் போனும் அணைந்து கிடந்தது. போனபோது தலை நிறையச் சுருட்டை முடி. இப்போது ஒன்றுகூட இல்லை. தலையில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது.

“எதுக்கு முடிய எடுத்தானுங்க?” என்றார் ஒருவர்.

உரக்கடை தணிகாசலத்திடம் எந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. “உலகத்துல எவ்ளோ ஊரு கீது. எல்லாத்தையும் வுட்டுட்டு திருத்தணியில ஏன் எறங்கினானுங்க? மலைக் கோயில்ல தெனம் மூட்டை மூட்டையா முடி வுழுதே, அதுக்குத்தான். முடிதான் அவனுங்களுக்கு ஆகாரம்.”

கூட்டத்தில் பாதிப் பேரின் கை தானாகத் தலைக்குப் போனது.

“அப்ப அந்த மஞ்சள்?”

“மசாலாவா இருக்கும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். யாரும் சிரிக்கவில்லை.

பைக் மெக்கானிக் அல்தாஃப் மட்டும் தயங்கினான். “அண்ணே, சாயந்திரம் அரக்கோணத்துலேர்ந்து மிலிட்டரி வருதுன்றாங்க. அதுவரைக்கும் பொறுக்கலாமே. ஒரு வாரமா அதுங்க ஒரு கரும்பு கூட ஒடிக்கல.”

“அதான்டா பயமா கீது. சும்மா கீறவன்தான் உள்ளுக்குள்ள திட்டம் போடுவான்.”

“நாமளும்தான் ஒரு வாரமா சும்மா கீறோம்.”

“நாம நல்லவங்கடா” என்றார் தணிகாசலம்.

 

தணிகாசலத்துக்கு நிஜமான கவலை வேறு. மிலிட்டரி வந்துவிட்டால் பேர் மிலிட்டரிக்குப் போய்விடும். அதற்குள் கண்டிகைக்காரர்கள் ஜெயித்தாக வேண்டும். பிரேம்குமார் வேறு நேரலையை ஆரம்பித்து, “பூமியோட முதல் போர், நம்ம ஊர்லேர்ந்து” என்று கத்திக்கொண்டிருந்தான். பள்ளிப்பட்டு பஸ்ஸிலிருந்து பாதிப் பேர் டிக்கெட்டை மறந்து இறங்கிவிட்டார்கள். பைக்குகளிலிருந்து பெட்ரோல் இறங்கியது.

அப்போது தேவயானி ஓடி வந்தாள். விஜயனின் மனைவி. படத்தைப் பார்த்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“பாவா, பாவா” என்று அழுதாள். விஜயன் அவளுக்கு அத்தை மகன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான் கூப்பிடுவாள்.

தணிகாசலம் அவள் பக்கத்தில் குனிந்தார். “அழுவாதம்மா. கரும்புச் சோகை எல்லாம் காஞ்சி கீது. ஒரு குச்சி போதும், கப்பலோட சேர்ந்து எரிஞ்சிடும். உன் கொல்லை, நீ ஒரு வார்த்தை சொல்லு.”

“உள்ள விஜயண்ணன் கீறாரு” என்றான் அல்தாஃப். இந்தத் தடவை அவன் குரல் உயர்ந்தது.

“அது இனிமே விஜயனே இல்லடா. கண்ணப் பாரு, எப்டி குத்திட்டு நிக்குது. மூளைய உறிஞ்சிட்டானுங்க.”

தேவயானி படத்தை மறுபடி பார்த்தாள். அந்தக் கண்கள் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தன. எதை என்று படத்தில் தெரியவில்லை.  பார்க்கப் பார்க்க அவள் அழுகை ஆத்திரமாக மாறியது.

“என் புருஷன், என் கொல்லை. நானே வெக்கிறேன்” என்று எழுந்தாள்.

ஊரே ஆர்ப்பரித்துக்கொண்டு கொல்லைக்குக் கிளம்பியது. கயிறு கட்டிக் காவல் நின்ற இரண்டு போலீஸ்காரர்களால் அத்தனை பேரைத் தடுக்க முடியவில்லை. வரப்போரத்துச் சோகை மேல் பெட்ரோலை ஊற்றினார்கள். தீப்பெட்டி தேவயானியின் கையில் இருந்தது.

முதல் குச்சி உடைந்தது. இரண்டாவது பற்றிக்கொண்டது.

“போடும்மா” என்றார் தணிகாசலம்.

போட அவளுக்கு மனம் வரவில்லை. “ஒரு தடவை கூப்ட்டுப் பாத்துடறேன்” என்று ஊதி அணைத்துவிட்டு, அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

“பாவா.”

கரும்பு அசைந்தது. கூட்டம் பின்னால் போனது. எல்லோரையும் விடப் பின்னால் போனவர் தணிகாசலம்.

விஜயன் வெளியே வந்தான். விரலை உதட்டின் மேல் வைத்து எல்லோரையும் முறைத்தான்.

“மெதுவா பேசுங்களேன்யா. கொழந்தை இப்பதான் கண்ண மூடித் தூங்குது.”

“எந்தக் கொழந்தை?” என்றாள் தேவயானி.

“அதுங்களோடதுதான். காலையில மோட்டார் போட வந்தப்பவே பாத்தேன். மூச்சு வுட முடியாம துடிச்சிகினு கீது. பெத்தது அம்மாவா அப்பாவான்னு கூட தெரியல, மடியில போட்டு ஆட்டிகினே இருந்திச்சி. போன் அடிச்சா பயந்து எழுந்துக்குதுன்னு அதையும் அணைச்சி வெச்சிட்டேன்.”

தேவயானி கிட்டே போனாள். கை அவன் மொட்டைத் தலையைத் தொடப் பயந்து பாதியில் நின்றது.

“அதெல்லாம் சரி பாவா. உன் தலைய அதுங்க இன்னா பண்ணிச்சிங்க?”

“அதுங்க இன்னா பண்ணப் போவுது? எனக்கு அதுங்க பாஷையும் தெரியல, இன்னா வைத்தியம் பண்றதுன்னும் தெரியல. கால்வாய்ப் பக்கமா வண்டிய எடுத்துகினு மலைக்குப் போயி, அந்தக் கொழந்தை பொழைக்கணும்னு வேண்டிகினு நான்தான் முடி எறக்கிட்டு வந்தேன்.”