இரண்டு நிமிட நிறுத்தம்

“ரன்!” என்று சட்டைப்பைக்குள்ளிருந்து போன் கத்தியதும் தில்லைநாதன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட்டம் பிடித்தார்.

கீழவீதி ஒதுங்கி வழி விட்டது. ஐம்பத்தெட்டு வயது, ஜவுளிக்கடைத் தொப்பை, அதற்குக் கீழே பளபளவென்று புது ஷூ. யார்தான் ஒதுங்க மாட்டார்கள்?

அரை நிமிடம் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். ஒன்றரை நிமிடம் ஆற அமர நடக்க வேண்டும். மறுபடி ஓட்டம். மூச்சுப் பிடிக்க இதைவிட நல்ல பயிற்சி கிடையாது என்று யூடியூபில் ஒரு பெண் சொன்னாள். தவளை மாதிரி தரையில் விழுந்து எழுந்து குதித்தும் காட்டினாள். அதை மட்டும் இவர் விட்டுவிட்டார். வேட்டியோடு அதெல்லாம் நடக்கிற காரியமா?

டாக்டர் ஈசிஜி பார்த்துவிட்டு, வாரத்துக்கு மூன்று நாள் போதும், மெதுவாக ஆரம்பியுங்கள் என்றார். முதல் நாள் இவர் இரண்டாவது ஓட்டத்திலேயே விளக்குக் கம்பத்தைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். கோபுர வாசல் பூக்காரம்மா பதறிப்போய் சோடா வாங்கி வந்தாள்.

இப்போது நான்காவது வாரம். கம்பத்தின் தயவு தேவைப்படவில்லை.

“மாமா, தேரு போயி ரெண்டு மாசமாச்சி. இப்ப என்னாத்த இழுத்துக்கிட்டு ஓடுறீங்க?” டீக்கடையிலிருந்து கௌரிசங்கர் கேட்டான்.

வீட்டில் சொன்ன காரணம் சுகர். உண்மையான காரணம் மகள் மதுரா.

இரண்டு வருடத்துக்கு முன் அவள் கடலூர் பக்கம் தேவனாம்பட்டினத்துப் பூவரசனைக் கல்யாணம் செய்துகொண்டாள். கடலில் படகு வைத்திருக்கும் குடும்பம். மனைவி தர்மாம்பாள் கற்பூரத்தைக் கொளுத்தி, அந்த வீட்டு வாசலை இருவருமே மிதிக்கக் கூடாது என்று இவரிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் கடலூர். இருந்தும் போக முடியவில்லை.

ரயில்வே பிளாட்பாரம் யார் வீட்டு வாசலும் இல்லையே!

மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஆபீஸ் மீட்டிங்குக்காக மதுரா ரயிலில் மயிலாடுதுறை போகிறாள் என்பதைக் கௌரிசங்கர்தான் துப்பறிந்து சொன்னான். மகளிர் பெட்டி. சிதம்பரத்தில் இரண்டு நிமிடம் நிற்கும். கூடவே ரயிலேறிப் போகலாம்தான். ஆனால் கடை திறக்காவிட்டால் தர்மாம்பாளுக்கு மூக்கில் வியர்த்துவிடும்.

வருவதாக மதுராவுக்குக் கௌரிசங்கர் மூலம் சொல்லி அனுப்பிவிட்டுப் போன மாதம் போனார். முன்னால் நின்றார். மகளிர் பெட்டி பின்னால் வந்தது. அது எந்த மாதம் எந்தப் பக்கம் வரும் என்று ஸ்டேஷனில் ஒருவருக்கும் தெரியாது. ஓடினார். பாதியில் மூச்சு முட்டி, தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோது ரயில் நகர்ந்துவிட்டது. ஜன்னலில் மதுராவின் கை மட்டும் தெரிந்தது.

அவளாவது இறங்கி நாலு எட்டு வந்திருக்கலாம். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் ஆறவில்லை. அப்பா மேலும் கோபம்தான் போல.

நாளை மறுநாள் திங்கள். இந்த முறை பெட்டி எந்தக் கோடியில் வந்தாலும் பிடித்துவிட வேண்டும்.

“ரெஸ்ட்!” என்றது போன். தலை நிமிர்ந்தார். எதிரே தர்மாம்பாள்.

இந்த நேரம் கோயிலுக்குள் சுற்றிக்கொண்டிருக்க வேண்டியவள். கையில் டிபன் கேரியரோடு நடுவீதியில் நின்றாள். அவருக்கு ஓடாமலே மூச்சு வாங்கியது.

“வெறுங்கையோட ஓடிப் பழகி என்னா பிரயோஜனம்? திங்கக்கெழம கையில இது இருக்குமே” என்று கேரியரை நீட்டினாள்.

எல்லாம் தெரிந்துவிட்டது. தில்லைநாதன் மேல் அடுக்கைத் திறந்தார்.

பழைய பட்டுத்துணியில் பொதிந்து, பச்சையும் சிவப்புமாகக் கண்ணாடி வளையல்கள்.

“ஏழாம் மாசக்காரி எப்பிடிங்க ரெண்டு நிமிஷத்துல எறங்கி ஏறுவா? நாந்தான் போன மாசமே சீட்ட விட்டு அசையாதடின்னு சொன்னேன்.”

அவர் மனைவியை நிமிர்ந்து பார்த்தார். கண் நிறைந்துவிட்டது.

“என்னா பாக்குறீங்க? வாசல மிதிக்கக் கூடாதுன்னுதான் சத்தியம். போன்ல பேசக் கூடாதுன்னா சொன்னேன்?”

“ரன்!” என்றது போன்.

தில்லைநாதன் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கேரியரை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். பத்தடி போயிருக்க மாட்டார்.

“சத்தம் கேக்குது! ஒடைஞ்சிடப் போவுது. திரும்பி வாங்க, மொதல்லேருந்து!”