ஊசல் குண்டு

முப்பத்திரண்டு ரெக்கார்ட் நோட்டுகளிலும் தனி ஊசல் சோதனையின் விடை ஒன்றுபோல 9.78 என்று இருந்தது. இயற்பியல் வாத்தியாரான எனக்கு உச்சி குளிர்ந்துபோனது. முப்பத்துமூன்றாவது நோட்டில் மட்டும் அந்தப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது.

நோட்டுக்குரியவளை எழுப்பினேன். "எல்லாரும் செஞ்சிருக்காங்க, உனக்கு மட்டும் என்ன கேடு?"

"லேப்ல ஊசல் குண்டே இல்ல சார். எந்தக் காலத்துலயோ தொலைஞ்சுபோச்சாம்."

நுழைவுத்தேர்வுக்கு இவர்களை உருட்டி மிரட்டுவதிலேயே பொழுது போய்விடுவதால், நான் லேப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுப்பதில்லை. அதற்காக விட்டுவிட முடியுமா?

"அப்போ இவங்களுக்கெல்லாம் விடை எங்கேருந்து வந்துச்சு?"

வகுப்பே தலையைக் குனிந்துகொண்டது. அவள்தான் சொன்னாள். "லேப் பீரோவுல ஒரு பழைய நோட்டு இருக்கு சார். வருஷா வருஷம் அதைப் பாத்துதான் எல்லாரும் எழுதுறாங்க."

"கொண்டா அதை! எந்தத் திருட்டுப்பய எழுதினான்னு பாக்குறேன்."

ஓடிப்போய் எடுத்து வந்தாள். முதல் பக்கத்தில், 'சிறந்த நோட்டு' என்ற முத்திரைக்குக் கீழே, இதே பள்ளியில் நான் படித்த வருடமும் என் பெயரும் இருந்தன.

"நீங்களாவது நெசமா செஞ்சீங்களா சார்?" என்றாள் ஆசையாக.

அந்த வருடமும் குண்டு இல்லை.