எருமைக்கு ஒரு கொட்டாய்

"ஞாயித்துக்கெழமை கண்காட்சியில இந்த வண்டி ஓடலைன்னா திங்கக்கெழமை காயலான் கடைக்குப் போகுது. கொட்டாயில நான் எருமையக் கட்டப்போறேன். ஆமா, சொல்லிப்புட்டேன்!"

ஜானகியம்மாள் சொன்னால் சொன்னதுதான். கிருஷ்ணப்பனுக்கு அது கல்யாணமான மறுநாளே தெரிந்துபோன சங்கதி.

மூணு வருஷமாகக் கொட்டாயை அடைத்துக்கொண்டு நின்றது அந்தக் குட்டி டிராக்டர். வெள்ளைக்காரன் காலத்தில் பெங்களூர் பங்களாத் தோட்டம் ஒன்றில் ஓடினது. பாலக்கோடு சர்க்கரை ஆலையில் பிட்டர் வேலை முடிந்து வந்தால், சோறு தண்ணி மறந்து அதன் அடியில்தான் படுத்துக் கிடப்பார் மனுஷர். துரு சுரண்டியாச்சு, பெயின்ட் அடிச்சாச்சு, டயர் தேடிப் போட்டாச்சு. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கிற மேக்னட் மட்டும் இல்லை. செய்த கம்பெனியே இழுத்து மூடிப் பல வருஷம் ஆகிவிட்டது.

பாலக்கோட்டிலேயே அதே மாடல் வண்டி இன்னொன்று இருந்தது. லேத்துப் பட்டறை ஹயாத் பாஷாவுடையது. அவரும் பழைய வண்டிப் பைத்தியம்தான். போன வருஷம் தர்மபுரிக் கண்காட்சியில் பழைய வண்டிகளுக்கு வைத்த போட்டியில் கப்பு வாங்கினவர்.

"பாஷா பாய்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்களேன்" என்றார் காயலான் கடை அக்பர் அலி. "சேலம், ஈரோடு, ஒசூர்னு நீங்க சுத்தாத எடமில்ல."

"அந்த ஆளுகிட்டயா? போன வருஷம் கப்பைக் கையில வச்சிக்கிட்டு, சும்மா காட்டத் தள்ளிக்கிட்டுப் போய் நிறுத்தின என் வண்டியப் பாத்து, 'பொம்மை நல்லா இருக்கு'ன்னாருங்க. அத்தனை பேர் முன்னாடி! அன்னியோட பேச்சுவார்த்தை கட். அவரா கொண்டாந்து குடுத்தாலும் இந்தக் கை வாங்காது. அதுக்கு எருமையே கட்டிக்கட்டும்!"

சொல்லிவிட்டு வண்டியை ஒரு தரம் தடவிக்கொடுத்தார். அக்பர் அலி சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை காலையில் அதே சைக்கிளில் திரும்பி வந்தார். கேரியரில் ஒரு கோணிச் சுருள்.

"ஒசூர் லோடுல வந்துச்சுங்க. இதானா பாருங்க."

பிரித்தால் மேக்னட்! துடைத்து வைத்தது மாதிரி பளபளவென்று. ஓரத்தில் சின்னதாக மூணு புள்ளி. கம்பெனி முத்திரையாக இருக்கும் என்று கிருஷ்ணப்பன் நினைத்துக்கொண்டார். யோசிக்க அவருக்கு ஏது நேரம்? மாட்டி, கயிற்றைச் சுற்றி இழுத்தார். நாலாவது இழுப்பில் வண்டி டபடபவென்று கிளம்பியது.

ஜானகியம்மாள் கரண்டியோடு வெளியே வந்தாள்.

"இன்னிக்கு ஓடி என்ன பண்ண? ஞாயித்துக்கெழமை ஓடணும்."

ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. கண்காட்சி மைதானத்தில் ஜானகியம்மாள் முதல் வரிசையில் உட்கார்ந்துகொண்டாள். பத்து இழுப்புக்குள் வண்டி கிளம்ப வேண்டும், அதுதான் போட்டி.

கிருஷ்ணப்பன் வண்டி ரெண்டாவது இழுப்பிலேயே கிளம்பி, மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. கூட்டம் கை தட்டியது. மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை.

அடுத்தது பாஷா. வண்டியில் முகம் பார்க்கலாம், அப்படி ஒரு பாலிஷ். கயிற்றைச் சுற்றி இழுத்தார். ம்ஹூம். அஞ்சு ஆச்சு, ஆறு ஆச்சு. சட்டை நனைந்து முதுகோடு ஒட்டிக்கொண்டது, தொப்பி சரிந்தது. பத்தாவது இழுப்பும் போயிற்று. வண்டி இருமக்கூட இல்லை.

கப்பு கிருஷ்ணப்பன் கைக்கு வந்தது. அதோடு விட்டிருக்கலாம். ஒரு வருஷத்து ஆத்திரம் விடுமா? மைக்கையும் பிடுங்கிக்கொண்டார்.

"போன வருஷம் என் வண்டியப் பொம்மைன்னாருங்க ஒருத்தர். இப்ப சொல்லுங்க ஜனங்களே, யாரு வண்டி பொம்மை?"

மைதானமே சிரித்தது. பாஷாவும் சிரித்தார். அதுதான் கிருஷ்ணப்பனுக்குப் பொறுக்கவில்லை. கப்பும் கையுமாக நேராகப் போனார்.

"தள்ளுங்க பாய். என்ன கோளாறுன்னு நானே பாத்துச் சொல்றேன்."

"வேணாம் கிருஷ்ணப்பா, விடுங்க." பாஷா அவசரமாகக் கையைப் பிடித்தார்.

"எதுக்குங்க கூச்சம்? தெரியாததக் கத்துக்கலாம், தப்பில்ல!"

எஞ்சின் மூடியைத் திறந்தேவிட்டார். உள்ளே ஒவ்வொரு சாமானும் மின்னியது. ஒவ்வொன்றின் ஓரத்திலும் சின்னதாக மூணு புள்ளி.

"இது... என்னங்க புள்ளி?"

"அதுங்களா? நான் கழட்டிச் சுத்தம் பண்ற சாமானுக்கெல்லாம் பஞ்ச் வச்சு ஒரு அடையாளம் அடிச்சிருவேன். பழகிப்போச்சு."

மேக்னட் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் போல்ட் ஓட்டைகள்தான் இருந்தன.

தன் வண்டி மேக்னட்டில் பார்த்த அதே மூணு புள்ளி கிருஷ்ணப்பனுக்கு ஞாபகம் வந்தது. கையில் இருந்த கப்பை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"பாய்... மேக்னட்டே இல்லாத வண்டியவா பத்து தடவ இழுத்தீங்க?"

பாஷா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். எஞ்சின் மூடியை எடுத்துப் பொறுமையாக மாட்டினார்.

"மெதுவாப் பேசுங்க, ஜானகித் தங்கச்சி இங்கயேதான் பாக்குது" என்றார். "எருமைய மட்டும் வேற எங்கயாச்சும் கட்டிக்கச் சொல்லுங்க."