ஈரத் தரையில் செருப்புக்கால்

துடைச்ச தரையில செருப்புக்காலோட நடக்கிறவங்களை என்ன செய்யலாம்? என்னைக் கேட்டா, மாப்புக் கட்டையாலேயே ரெண்டு போடலாம்னு சொல்வேன். ஆனா நடக்கிறது சூப்பர்வைசரா இருந்தா, வாயைப் பொத்திக்கிட்டு மறுபடியும் துடைக்கணும்.

அந்தம்மா ஒண்ணும் வானத்துல இருந்து குதிச்சு வரலை. போன வருஷம் வரைக்கும் எங்களோட ஒரே வாளியில துணி பிழிஞ்சவதான். இந்த ஆபீஸ் கட்டடத்துல நாங்க ஆறு பேர் காக்கி கோட்டு போட்டுக்கிட்டு கூட்டித் துடைக்கிறோம். எங்க கூட்டத்துல இருந்த அவளுக்கு மட்டும் நீலக் கோட்டு கொடுத்தாங்க. அன்னிக்கு எங்களுக்கும் சந்தோஷம்தான். நம்மள்ல ஒருத்தியாவது மேல போனாளேன்னு, முழங்கால்வலி அக்கா அந்தக் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தாங்க.

நீலம் உடம்புல ஏறினதும் புத்தி மாறிடுச்சு.

நாங்க வாசல்ல இருந்து லிப்ட் வரைக்கும் பளபளன்னு துடைச்சுட்டு, அப்பாடான்னு மாடிப்படிக்கு அடியில உட்காருவோம். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம் பார்த்து மகராசி தோட்டத்துப் பக்கம் இருந்து வருவா. செருப்பு நிறைய சேறு இருக்கும். ஈரத் தரையில ஊர்வலம் போற மாதிரி இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் நடப்பா. அப்புறம் குனிஞ்சு பார்த்து, என்ன இவ்வளவு அழுக்கா இருக்கு, மறுபடி துடைங்கன்னு சொல்லுவா.

ஒரு நாள் நான் கேட்டே விட்டேன்.

"ஏன்டி, சேறு மிதிக்காம வர உனக்கு வேற வழியே இல்லையா?"

"துடைக்கச் சொன்னா துடை."

அவ்வளவுதான். என் முகத்தைக்கூடப் பார்க்காம போயிட்டா.

அப்புறம் எங்க சாப்பாட்டுக்குத் தொட்டுக்கிறதே அவதான். பழசை மறந்துட்டா, தலைக்கனம் தலைக்கு மேல போயிடுச்சுன்னு ஆளாளுக்குப் பிச்சு எடுப்போம். இன்னொரு நாள், எங்க ஆறு பேர்ல மாசமா இருக்கிற பொண்ணு, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்க எழுந்திரிச்சு மறுபடி மாப்பைத் தூக்கினா. எனக்குப் பொங்கிடுச்சு. மேனேஜர்கிட்ட போய் வத்தி வச்சுட்டு வந்துடறேன்னு கிளம்பிட்டேன்.

நியாயம் கேட்க மட்டும் போனேன்னு சொன்னா நாக்கு அழுகிடும். என் பொண்ணு காலேஜ் சேரணும்னு நிக்கிறா. நீலக் கோட்டு எனக்கும் எடுப்பாத்தான் இருக்கும்னு மனசுக்குள்ள ஒரு நப்பாசை.

மேனேஜர் ரூம்ல ஏசி ஜில்லுனு இருந்துச்சு. என்னம்மா விஷயம்னு கேட்டார். நான் கடகடன்னு ஆரம்பிச்சுட்டேன்.

"எங்க மேல ஒரு குத்தமும் இல்லை சார். நாங்க ஆறு பேரும் மத்தியானத்துக்கு முன்னாடியே எல்லா வேலையும் முடிச்சிடுறோம். அந்தம்மாதான்..."

"இரும்மா. மத்தியானத்துக்கு முன்னாடியே முடிஞ்சிடுதா?"

"முகம் பார்த்துத் தலை சீவலாம் சார், அப்படித் துடைச்சிருப்போம்."

மனுஷன் நாற்காலியில சாஞ்சுக்கிட்டுச் சிரிச்சார்.

"இதைத்தான் நான் முதல்ல இருந்து சொல்றேன். நாலு பேர் போதும், ரெண்டு பேரை நிறுத்துன்னு. உங்க சூப்பர்வைசர் கேட்டாத்தானே? நான் எப்ப வந்து பார்த்தாலும் ஆறு பேரும் துடைச்சுக்கிட்டே இருக்கீங்க. கேட்டா, பாருங்க சார், ஆறு பேர் செஞ்சும் முடியலைங்குது அந்தம்மா. ஆளைக் குறைச்சுக் காட்டு, உன் வேலையை நிரந்தரமாக்கறேன்னும் சொல்லிப் பார்த்தேன். நிரந்தரமே வேணாம்னுட்டுப் போயிடுச்சு."

அப்ப அந்தச் சேத்துக்கால் நடையெல்லாம் எங்களுக்காகத்தானா? அடிப்பாவி, எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தா மட்டும் எங்க வாய்ல நின்னிருக்குமா? பொழுது சாயறதுக்குள்ள கட்டடம் முழுக்கப் பரப்பியிருப்போம். அது அவளுக்கும் தெரியும்.

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"நீ விவரமான ஆளாத் தெரியுறே. அந்த நீலக் கோட்டை உனக்கே தர்றேன். யார் அந்த ரெண்டு பேருன்னு மட்டும் சொல்லு."

யாருன்னு யோசிக்கவே தேவையில்லை. வேகமா கை ஓடாதது முழங்கால்வலி அக்காவுக்கும் மாசமா இருக்கிற பொண்ணுக்கும்தான். வாயைத் திறந்தா போதும், வேலை முடிஞ்சிடும். என் பொண்ணு புதுப் பை மாட்டிக்கிட்டு காலேஜ் படியேறிப் போறது கண்ணு முன்னால வந்து நின்னுச்சு. சத்தியமா நின்னுச்சு.

"சார், நான் சொல்ல வந்ததை நீங்க முழுசாக் கேட்கலை."

"சொல்லும்மா."

"முடிச்சிடுறோம்னா, முடிச்ச மாதிரி காட்டிடுறோம் சார். தண்ணியைத் தெளிச்சு மேலாக்க ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போய் உட்கார்ந்துடுவோம். ஈரத்துல எல்லாமே பளபளன்னுதானே தெரியும்? மூலை முடுக்கை எல்லாம் தொடறதே கிடையாது. ஆறு பேரும் வேலைக்கள்ளிங்க, அதுல பெரிய கள்ளி நான். அந்தம்மா மட்டும் விரட்டலைன்னா இந்தக் கட்டடமே நாறிடும்."

மேனேஜர் முகம் இஞ்சி தின்ன மாதிரி ஆயிடுச்சு.

"அப்ப இங்க எதுக்கும்மா வந்தே?"

"இதைச் சொல்லத்தான் சார் வந்தேன். ஆறு பேர் பத்தலை, இன்னும் ரெண்டு பேரைப் போடுங்க."