பசை அண்ணனின் ஓட்டு வேட்டை

"உங்கள்ல ஒருத்தர் வேலையை விட்டுப் போயாகணும். யாருன்னு நீங்களே ஓட்டுப் போட்டுச் சொல்லிடுங்க."

பைண்டிங் பட்டறை முதலாளியின் கையில், அங்கே தைத்துக்கொண்டிருந்த அரசியல் தத்துவப் பாடப்புத்தகம் இருந்தது.

"பழைய கிரேக்க நகரத்துல இப்படித்தானாம். உடைஞ்ச பானை ஓட்டுல பேரெழுதிப் போடுவாங்களாம். யார் பேரு அதிகமா விழுதோ, அவர் ஊரைவிட்டுக் கிளம்பிடணும். மக்களாட்சி!"

"அதே புத்தகத்துல, பெரும்பான்மையும் கொடுங்கோலன் ஆகலாம்னு போட்டிருக்கே சார்?" என்றாள் வாயாடி. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டுத் தாள் மடிக்க வந்தவள். மடிக்கிற தாளைப் படிக்காமல் விடமாட்டாள்.

"அந்தப் பக்கத்துக்கு நான் இன்னும் வரலை" என்றார் முதலாளி.

பழியைத் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பயம், வேறென்ன?

வாயாடி மனசுக்குள் கணக்குப் போட்டாள். கடைசியாகச் சேர்ந்தவள் அவள்தான். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது.

போதாததற்குப் பசை அண்ணன் வேறு. புத்தக முதுகுக்குப் பசை தடவுகிறவர். காலையிலிருந்து ஒவ்வொருவர் காதாகக் கடித்துக்கொண்டிருந்தார். தாள் வெட்டுகிறவரிடம் கெஞ்சல். தையல் அக்காவிடம் கும்பிடு. இவள் கிட்டே போனால் மட்டும் கப்சிப்.

"என்னண்ணே, ஓட்டு வேட்டையா?"

"போம்மா, போய்த் தாளை மடி."

என்னைத் துரத்த ஆள் சேர்க்கிறியா? இரு!

சீட்டில் கொட்டை எழுத்தில் 'பசை' என்று எழுதி டப்பாவில் போட்டாள்.

முதலாளி பிரித்தார். "பசை... பசை... இதுவும் பசை..." டப்பா காலியாகும்வரை வேறு பேரே வரவில்லை.

பசை அண்ணன் கையைக் கழுவினார். சட்டையை மாட்டினார். வாயாடியைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அப்புறம்தான் உறைத்தது.

"ஏங்க்கா, எல்லாச் சீட்டுலயும் அவர் பேருன்னா... அவர் போட்ட சீட்டுலயுமா?"

தையல் அக்கா ஊசியைக் கீழே வைத்தாள்.

"அவர் எங்ககிட்ட கெஞ்சினதே, 'என் பேரை எழுதுங்க'ன்னுதான்டி. 'அந்தப் பொண்ணுக்கு இதை விட்டா வேற கதி இல்லை, நான் எங்கயாவது போய் ஒட்டிக்குவேன்'னாரு."

"என்கிட்ட மட்டும் ஏங்க்கா சொல்லலை?"

"'அவகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க, அவளுக்கு மனசு கேக்காது, என் பேரை எழுதவே மாட்டா'ன்னாரு."