விசாவில் ஒரு சின்னப் படம்

பிள்ளை வேண்டி யாழ்ப்பாணத்துக் கோயில்களும் டாக்டர்மாரும் அலுத்துப்போய், சென்னையில் சிகிச்சை எடுக்கவென்று நிரோஜினியும் கணவன் கேதீஸ்வரனும் விசாவுக்குப் போட்டிருந்தார்கள். அவளுக்குக் கிடைத்தது, அவனுக்குக் கிடைக்கவில்லை. "காரணம் எங்களுக்குத் தெரியாது அக்கா, திரும்பப் போட்டுப் பாருங்கோ" என்றாள் விசா அலுவலகக் கவுண்டரில் இருந்த பெண்.

வெளியே வந்ததும் அவன், "நீர் போயிட்டு வாரும்" என்றான்.

"உங்கள விட்டிட்டுத் தனியப் போய் நான் என்ன செய்யிறது?" என்றபடி அவள் பாஸ்போர்ட்டை விரித்தாள்.

அவளுடைய விசாவில் இருந்த சின்னப் படத்தை அவன் விரலால் தடவினான்.

"பிள்ளை உம்மை மாதிரித்தான் இருக்கப்போகுது."

"இல்லை, மூக்கு உங்கட மூக்குத்தான்" என்றவள், அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மறுபடியும் வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.