காக்கை வராத திதி

நுவரெலியாவின் மார்கழிப் பனி எங்கள் தெருவின் சைப்ரஸ் மரங்களையெல்லாம் விழுங்கிவிட்டு, அடுத்ததாக என் மூக்கைக் குறிபார்க்கிறது. பக்கத்து வீட்டு கோசலாக்கா மரத்தடியில் இலைச்சோறு வைத்து, "கா, கா" என்று கூப்பிட்டே தொண்டை கட்டி நிற்கிறார். தோட்டத்துத் தமிழரைத் திருப்பியனுப்பிய ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிட்ட அவர் தம்பி, அங்கேயே செத்த திதி இன்று. காக்கை தொடாமல் அக்கா பச்சைத் தண்ணீரும் குடிக்கமாட்டார். உலகத்துக் காக்கைகள் அத்தனையும் லீவில் போய்விட்டன. சருகுக்குள்ளிருந்து ஓர் ஆறுமணிக்குருவி தத்தி வருகிறது. பனிக்காலத்துக்கு இந்தியாவிலிருந்து பறந்து வருகிற சாதி. "அங்கேருந்தே ஆள் வந்தாச்சுங்கக்கா," என்கிறேன். "உங்களுக்கு எல்லாமே கேலிதான்." குருவி சோற்றை அலகால் தள்ளிவிட்டு, இலைக்கடியில் புழு தேடுகிறது. அக்கா சால்வையால் வாயைப் பொத்திக்கொள்கிறார். "அவனும் இப்படித்தாங்க. சோத்த ஒதுக்கிட்டு கறியத் தேடுவான்." உள்ளே போகிறார். கொஞ்ச நேரம் கழித்து, தட்டு எடுக்கிற சத்தம் கேட்கிறது.